911 அழைத்தால் பெறாமகனின் பேமிற் போய்விடுமா? ஒரு பெரியம்மாவின் கடிதமும் சட்டத்தரணியின் பதிலும்

ஸ்காபரோவில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

"என் தங்கச்சியின் மகன் எங்கள் வீட்டு பேஸ்மென்ரில் தங்கிக் கொலிச்சில் படிக்கிறான். வயது 22. மாணவர் பேமிற்றில் வந்தவன். இரவில் வெயார்ஹவுஸ் வேலை. முதுகு நோவுக்கு என்று கூட வேலை செய்யும் ஒருவரிடம் பேர்க்கோசெற் குளிசை வாங்கிப் போட்டிருக்கிறான். போன மாதம் ஒருநாள் விடியப்புறம் என் மகன் கீழே போனபோது இவன் கட்டிலடியில் விழுந்து கிடந்தான். உதடு நீலம். தொண்டையில் கரகரவென்று சத்தம். 911 அடிக்கப் போன மகனை என் கணவர் மறித்துவிட்டார். பொலிஸ் வந்தால் பிள்ளையின் பேமிற் போய்விடும், வீடு எங்கள் பெயரில் இருப்பதால் எங்களையும் பிடிப்பார்கள் என்றார். முகத்தில் குளிர்தண்ணி ஊற்றி, கன்னத்தில் தட்டி, தேசிக்காய்த் தண்ணி பருக்கினோம். கடவுள் புண்ணியத்தில் எழும்பிவிட்டான். இனி வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை.

மகன் நாலோக்சோன் என்ற மருந்தை வீட்டில் வைக்கவேண்டும் என்கிறான். டொக்டரின் துண்டு இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்கிறார் கணவர். அது வீட்டில் இருந்தால் போதைப்பொருள் இருப்பதற்கு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றும் சொல்கிறார். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். தாதி இல்லை. நான் மருந்து கொடுத்து ஏதும் பிழைத்துவிட்டால் என் வேலைக்கு என்ன ஆகும்? இதை ஊரில் இருக்கும் தங்கச்சிக்குச் சொல்லவேண்டுமா என்றும் தெரியவில்லை."

அன்புள்ள அக்கா,

மற்ற எல்லாவற்றுக்கும் முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை இப்படி நடந்தால் உடனே 911 அழையுங்கள். நீங்கள் அழைப்பதால் உங்கள் பெறாமகன் நாடு கடத்தப்படமாட்டான். இப்படியான ஒரு இரவை மனதில் வைத்தே கனடாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. உங்கள் கணவர் பிள்ளைக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் மறித்தார் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் பயந்த இரண்டு விடயங்களிலும் சட்டம் அவர் நினைத்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. அந்தத் தவறான எண்ணத்தோடு இன்னொரு இரவைக் கடக்க உங்கள் வீடு துணியக்கூடாது. கனடாவில் 2016இலிருந்து ஓபியோயிட் எனப்படும், போதையும் தரும் நோவு மருந்து வகையின் நஞ்சால் இறந்தவர்கள் 50,000 பேருக்கும் மேல். அவர்களில் பலருடைய பக்கத்து அறையில் யாரோ இருந்தார்கள்.

மருந்தை வீட்டில் வைத்திருப்பது

நாலோக்சோன் போதைப்பொருள் இல்லை. ஃபென்டனில், மோர்பின், ஒக்சிகோடோன் (பேர்க்கோசெற் குளிசையில் இருப்பது இதுதான்) போன்ற ஓபியோயிட்டுகள் மூளையில் எந்த இடங்களைப் பிடித்து மூச்சை அடக்குகின்றனவோ, அந்த இடங்களிலிருந்து அவற்றைத் தற்காலிகமாகத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. அதனால் போதை ஏறாது, பழக்கமும் வராது. அதைக் கொடுத்தபிறகு அந்த ஆள் ஓபியோயிட் எடுத்திருக்கவில்லை என்று தெரியவந்தாலும் பாதகம் இல்லை.

இந்த மருந்துக்கு வைத்தியரின் துண்டு வேண்டும் என்பது பழைய கதை. 2016 மார்ச்சில், ஓபியோயிட் அதீத அளவுக்கான (ஓவர்டோஸ்) அவசரப் பாவனைக்கு மட்டும், கனடா சுகாதாரத் திணைக்களம் இதை மருத்துவச் சீட்டு தேவைப்படும் மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒன்ராறியோவில் மருந்துக்கடைகள் பலவற்றில் இதன் பெட்டியை இலவசமாகவே தருகிறார்கள். பாவிக்கிறவர்தான் போய்க் கேட்கவேண்டும் என்றில்லை. ஆபத்தில் இருக்கும் ஒருவருக்கு உதவக்கூடிய குடும்பத்தவரும் நண்பரும் கேட்கலாம். "என் வீட்டில் ஒருவருக்காக நாலோக்சோன் பெட்டி வேண்டும்" என்று சொன்னால் போதும். மூக்கில் அடிக்கும் மருந்தையே கேளுங்கள். ஊசியாலும் கொடுக்கலாம்தான், ஆனால் பதறும் கைக்கு மூக்கு மருந்துதான் சுகம். பாவிக்கும் முறையை மருந்தாளர் நின்று காட்டித் தருவார். வெட்கப்படாமல் இரண்டு தரம் கேளுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருந்தாளர் உங்கள் பெயரைப் பொலிசுக்குக் கொடுப்பார் என்ற பயம் வேண்டாம். 2004ஆம் ஆண்டின் ஒன்ராறியோ தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. குடிவரவுத் திணைக்களத்துக்கு இதை அறிவிக்கும் கடமையும் அவருக்கு இல்லை.

இனி "நாங்களே சாட்சி சொன்ன மாதிரி" என்ற கேள்வி. நாலோக்சோன் பெட்டி இருப்பதை வைத்து யார் மீதும் குற்றம் சுமத்தமுடியாது. ஒன்ராறியோவில் 2023 ஜூன் 1 முதல், தொழிலாளி ஒருவர் ஓபியோயிட் அதீத அளவுக்கு ஆளாகும் ஆபத்து இருப்பதை அறிந்த தொழில்வழங்குநர் இந்தப் பெட்டியை வேலைத்தலத்தில் வைத்திருக்கவேண்டும் என்பதே சட்டம். வேலைத்தலத்தில் வைக்கச் சொல்லும் ஒரு பொருளை வீட்டில் வைத்தால் குற்றம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது.

வீடு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் குற்றவாளி ஆவதும் இல்லை. ஒருவர் போதைப்பொருளை உடைமையில் வைத்திருந்தார் என்று நிரூபிக்க, அவருக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதற்கு அவர் உடன்பட்டார், அதன்மீது அவருக்கு ஓரளவாவது கட்டுப்பாடு இருந்தது என்றும் காட்டவேண்டும். உங்களுக்குத் தெரியாமல் அவன் வாங்கி வைத்த குளிசைக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் கண்டுபிடித்த குளிசையைப் பறித்து உங்கள் அலுமாரியில் ஒளித்து வைக்கவேண்டாம். அக்கறையில் செய்வதுதான், ஆனாலும் அப்போது கட்டுப்பாடு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

911 அழைக்கிறவரைச் சட்டம் எப்படிக் காக்கிறது

2017 மே 4 அன்று 'நல்ல சமாரியர் போதைப்பொருள் அதீத அளவுச் சட்டம்' கனடா முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது. போதைப்பொருளால் ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்று உதவி கேட்டு அழைக்கிறவர் மீதும், உதவி வந்து சேரும்போது அந்த இடத்தில் இருக்கிறவர்கள் மீதும், விழுந்து கிடக்கிறவர் மீதும், சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டைச் சுமத்தமுடியாது. அந்த அழைப்பால் பொலிசின் கண்ணில் பட்ட சான்றை அந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தமுடியாது. பிணையிலோ நன்னடத்தைக் கட்டளையிலோ இருக்கிறவர், அதே வகைக் குற்றம் தொடர்பான நிபந்தனையை மீறியிருந்தாலும் இந்தக் காப்பு உண்டு.

குற்றம் சுமத்தமுடியாது என்றால் கைது செய்யலாமா என்ற கேள்வி சில வருடங்கள் இழுபட்டது. சஸ்காட்சுவானில் அதீத அளவுக்காக 911 அழைக்கப்பட்ட ஓரிடத்தில் நின்றவரைப் பொலிஸ் கைது செய்து, அதைக் காரணமாக வைத்துச் சோதனையும் போட்டது. அந்த வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. சட்டம் குற்றம் சுமத்த விடாத இடத்தில், அதே குற்றத்துக்காகக் கைது செய்யவும் பொலிசுக்கு அதிகாரம் இல்லை என்பதே தீர்ப்பு. உங்கள் கணவர் பயந்த காட்சி, வீட்டுக்குள் வந்து பிள்ளைக்கு விலங்கு போடுகிற காட்சி, இந்தத் தீர்ப்போடு இன்னும் தூரமாகிவிட்டது.

பொலிஸ் வரலாம். அம்புலன்சோடு சேர்ந்தும் வரலாம். உயிரைக் காக்கவென்று வீட்டுக்குள் நுழைய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்காக அலுமாரிகளைத் திறந்து துழாவ அதிகாரம் வந்துவிடாது. மருத்துவ உதவியாளர் "என்ன எடுத்தான், எத்தனை, எப்போது" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அது பிள்ளையின் உயிர். "யாரிடம் வாங்கினான்" என்று பொலிஸ் கேட்டால், சட்டத்தரணியோடு பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லும் உரிமை உங்கள் எல்லோருக்கும் இருக்கிறது.

சட்டம் காக்காத இடங்கள்

ஆறுதல் சொல்வதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குச் சரியான ஆலோசனை சொன்னவன் ஆகமாட்டேன். இந்தக் காப்புக்கு எல்லை இருக்கிறது. ஏற்கெனவே பிடியாணை நிலுவையில் இருந்தால் அதைத் தடுக்காது. விற்பனை, விநியோகம், தயாரிப்பு போன்ற பாரிய குற்றங்களுக்கும் பொருந்தாது.

நம் பிள்ளைகள் இடறி விழக்கூடிய இடம் அந்த 'விநியோகம்'தான். காசு வாங்கி விற்றால்தான் விநியோகம் என்று பலர் நினைக்கிறார்கள். கனடாச் சட்டத்தில் சும்மா கொடுத்தாலும் விநியோகம்தான். உங்கள் பெறாமகன் தன்னிடமிருக்கும் குளிசையில் ஒன்றைக் கூட்டாளிக்கு "நோவுக்கு நல்லது, போடு" என்று நீட்டினால், சட்டத்தின் கண்ணில் அவன் விநியோகித்தவன். அதற்கு அதிகபட்சத் தண்டனை ஆயுட்காலச் சிறை. அந்தக் கூட்டாளி மயங்கி விழுந்தால், 911 அழைத்தவன் என்ற காப்பு உங்கள் பெறாமகனைக் குளிசை வைத்திருந்த குற்றத்திலிருந்து காக்கும், அதைக் கொடுத்த குற்றத்திலிருந்து காக்காது. இதை அவனுக்கு வடிவாக விளங்கப்படுத்துங்கள். அப்படி ஒரு நிலை வந்தாலும் அழைக்கத்தான் வேண்டும். கூட்டாளி இறந்துபோனால் வழக்கு அதைவிட எவ்வளவோ பாரதூரமானதாகிவிடும்.

பேமிற்றைப் பற்றி

மாணவர் பேமிற்றில் இருக்கும் ஒருவரின் நிலை, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரின் நிலையைவிட மெலிந்தது என்பது உண்மை. குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, தற்காலிகமாக வந்தவர் ஒருவர் கனடாவில் போதைப்பொருள் வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டால், அந்த ஒரு தீர்ப்பே அவரை நாட்டிலிருக்கத் தகுதியற்றவர் ஆக்கப் போதும். நிரந்தர வதிவாளருக்கு அந்தக் கோடு கொஞ்சம் தள்ளி இருக்கிறது: பத்து வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கான தீர்ப்பு, அல்லது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறை. குடியுரிமை பெற்றவருக்கு இந்தக் கேள்வியே இல்லை.

இரண்டிலும் கதவைத் திறப்பது நீதிமன்றத் தீர்ப்புத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதோ, 911 அழைத்ததோ, அம்புலன்ஸ் வாசலில் நின்றதோ அல்ல. 2017 சட்டம் அந்தக் குற்றச்சாட்டையே தடுக்கும்போது தீர்ப்பு எங்கிருந்து வரும்? பேமிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இந்தக் காப்பு எல்லோரையும்விட அதிகம் தேவை. அதைக் கொண்டுவருவது அந்த 911 அழைப்பு. அழைக்காமல் விட்டு, பிறகு வேறு வழியில் குளிசை பிடிபட்டால், இந்தச் சட்டத்தின் காப்பு அவனுக்கு இல்லை.

துப்பாக்கிச் சூட்டுக் காயத்தோடு ஒருவர் வந்தால் ஒன்ராறியோ ஆஸ்பத்திரிகள் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். அதீத அளவுக்கு அப்படியொரு கடமை இல்லை. செலவைப் பற்றியும் ஒரு சொல்: மாகாணக் காப்புறுதி இல்லாதவருக்கு அம்புலன்ஸ் கட்டணம் 240 டொலர். கொலிச் மூலம் வரும் மாணவர் காப்புறுதி அதை ஏற்குமா என்று இப்போதே பார்த்து வையுங்கள். எப்போதாவது அவன் மீது குற்றச்சாட்டு ஏதும் பதிவானால், எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முதல் குடிவரவுச் சட்டமும் தெரிந்த சட்டத்தரணியைப் பாருங்கள். "தண்டம் கட்டினால் முடிந்துவிடும்" என்று ஒப்புக்கொண்டு பேமிற்றைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கொடுக்கலாமா

கொடுக்கலாம். வேலைக்கு வெளியே, வீட்டில், கூலி எதிர்பாராமல் அவசர முதலுதவி செய்கிறவரை 2001ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நல்ல சமாரியர் சட்டம் நட்டஈட்டு வழக்குகளிலிருந்து காக்கிறது. பாரதூரமான அசட்டை என்று நிரூபித்தால் மட்டுமே பொறுப்பு வரும். பதற்றத்தில் மருந்தை ஒரு தடவை அதிகமாக அடித்துவிட்டதோ, நெஞ்சை அமத்தும்போது விலா எலும்பு முறிந்ததோ அந்த அளவுக்குப் போகாது. தாதிக்குரிய பயிற்சி இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குள் நடந்தால் அங்குள்ள நடைமுறைப்படி செய்யவேண்டும். அது வேறு விடயம், மேலாளரிடம் கேட்டு வையுங்கள்.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது

நான் வைத்தியர் இல்லை. பெட்டியோடு வரும் குறிப்பில் உள்ளதைத்தான் சொல்கிறேன். நீங்கள் அன்று கண்ட நீல உதடும் கரகரப்பும் குறட்டை இல்லை, மூச்சு அடைபடும் அறிகுறி. தோளை உலுப்பிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எழும்பாவிட்டால் 911. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கீழே வையுங்கள். ஆங்கிலம் தடக்கினால் "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி இருக்கிறது. பிறகு ஒரு மூக்குத் துவாரத்தில் மருந்தை முழுதாக அடியுங்கள். மறுமுனையில் இருப்பவர் சொல்லித் தருகிறபடி மூச்சு ஊதுங்கள், நெஞ்சை அமத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது மருந்தை மற்றத் துவாரத்தில் அடியுங்கள். மூச்சு திரும்பினால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள்.

குளிர்தண்ணி ஊற்றவேண்டாம். தேசிக்காய்த் தண்ணி, பால், கோப்பி எதையும் வாயில் விடவேண்டாம். நினைவில்லாதவருக்குப் பருக்குவது சுவாசப்பைக்குள் போய்விடும். அன்று அவன் பிழைத்தது அந்தத் தண்ணியால் இல்லை, அதையும் தாண்டித்தான் பிழைத்தான்.

எழும்பியதும் அவன் வாந்தி எடுக்கலாம், கோபப்படலாம், "அம்புலன்ஸ் வேண்டாம், போகச் சொல்லுங்கோ" என்று கத்தலாம். விடாதீர்கள். நாலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். உள்ளே இருக்கும் ஓபியோயிட் அதற்குப் பிறகும் மிஞ்சியிருந்தால் மூச்சு மறுபடி அடங்கும். நித்திரை கொள்ளட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வருவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

பெட்டியைப் பூட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மாரியில் காருக்குள் விடவேண்டாம், உறைந்துவிடும். காலாவதித் திகதியைப் பார்த்து வையுங்கள்.

பெறாமகனோடு பேசும்போது

அவன் வாங்கியது பேர்க்கோசெற்தானா என்பதே சந்தேகம். வெளியில் விற்கப்படும் குளிசைகளில் பல, நிறத்திலும் எழுத்திலும் அசலைப் போலவே அச்சிடப்பட்ட போலிகள். உள்ளே ஃபென்டனில் இருக்கும், அதுவும் சீராகக் கலந்திருக்காது. ஒரே பையிலிருந்து நேற்றுப் போட்டது ஒன்றும் செய்யாமல், இன்று போட்டது கொல்லலாம். இன்னொன்று: கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு பழைய அளவையே மறுபடி எடுப்பது மிகவும் ஆபத்தானது, உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். "இனி வாங்கமாட்டேன்" என்ற சத்தியத்தை நீங்கள் நம்பினாலும் பெட்டி வீட்டில் இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

திட்டவேண்டாம் அக்கா. முதுகு நோவோடு இரவு முழுக்கப் பெட்டி தூக்கும் பிள்ளை அவன். அந்த நோவுக்கு முறையான வைத்தியரைக் காட்டுங்கள். நிறுத்தமுடியாமல் அந்தரப்பட்டால், பரிந்துரைக் கடிதம் இல்லாமலே போகக்கூடிய விரைவு அடிமைநிலைச் சிகிச்சை நிலையங்கள் ஒன்ராறியோவில் இருக்கின்றன. புப்ரெனோர்பின் போன்ற மருந்தால் உடம்பின் தவிப்பை அடக்கி, படிப்பையும் வேலையையும் தொடரவைக்க அங்கே முடியும். பக்கத்தில் எது இருக்கிறது என்று கேட்க, கொனெக்ஸ் ஒன்ராறியோவின் 1-866-531-2600 இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது. அவன் தனிய இருக்கும்போது எதையும் எடுக்கக்கூடாது, எடுத்துவிட்டால் உங்கள் மகனுக்காவது சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுப்பதை ஆதரிக்கிறோமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் கேட்பது, அவன் விழுந்தால் தூக்க ஒருவர் அறிந்திருக்கவேண்டும் என்பதை மட்டும்தான்.

உங்கள் மகனிடமும் பேசுங்கள். அன்று அவன் கையில் தொலைபேசி இருந்தது, தகப்பன் சொல்லைத் தட்டமுடியாமல் நின்றான். "அடுத்த முறை யார் மறித்தாலும் நீ அழை" என்று நீங்களும் கணவரும் சேர்ந்திருந்து, அவன் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தங்கச்சிக்குச் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி அவன் வயதுவந்தவன், அவன் உடல்நிலையை அவன் சம்மதமில்லாமல் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. உடன்பிறப்பு என்ற முறையில் அது உங்களைக் குடையும் என்பதும் தெரிகிறது. என் அபிப்பிராயம், அவனுக்கு ஒரு தவணை கொடுங்கள்: வைத்தியரைக் கண்டபிறகு அவனே தாயோடு பேசட்டும், வேண்டுமானால் நீங்கள் பக்கத்தில் இருங்கள். தெரியாமல் நீங்கள் சொல்லி, ஊரில் அழுகையும் ஏச்சுமாகி, அவன் வீட்டைவிட்டு வேறு பேஸ்மென்ருக்குப் போனால், அங்கே கதவைத் தட்டிப் பார்க்க உங்கள் மகனைப்போல் ஒருவன் இருப்பானா என்பதுதான் என் கவலை.